எவ்வளவு காலத்துக்குச் சொந்தம்?

நிலம் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வியை முற்போக்காளர்களாகிய நாம் எத்தனையோ மேடைகளில் எழுப்பியிருக்கிறோம். எவ்வளவு காலத்துக்குச் சொந்தம் என்னும் கேள்வியை நாம் எழுப்பியதே இல்லை. அது நொத்தாரிசுமாரினதும் அப்புக்காத்துமாரினதும் அலுவல், உறுதிக் காகிதத்தோடு முடிந்துபோகும் சங்கதி என்று ஒதுக்கிவிட்டோம். நாம் ஒதுக்கிய இடத்திலேதான் மற்றவர்கள் தமது வேலையைச் செய்தார்கள். ஏக்கர்க் கணக்கில் செய்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும் அநீதியை ஆண்டுக் கணக்கில் செய்தால் எவரும் கவனிக்கமாட்டார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

காணிச் சட்டம் நிலத்தை இரண்டு விதமாக வெட்டுகிறது. வேலியால் வெட்டுவது ஒன்று. காலத்தால் வெட்டுவது மற்றொன்று. வேலியை நாம் காண்கிறோம். அதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடவும் செய்கிறோம். வேலி வழக்குக்குப் பணம் தேட அந்த வேலிக்குள் இருந்த காணியையே விற்றவர்களும் நம்மூரில் உண்டு. காலத்தால் விழுந்த வெட்டு அப்படிக் கண்ணிற் படுவதில்லை. ஒரு தாய் தன் காணியை மகளுக்குச் சீதனமாக எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எழுதும்போது தனது சீவிய உரித்தை ஒதுக்கி வைத்துக்கொள்வதாக ஒரு வரி சேர்க்கப்படுகிறது. அந்த ஒரு வரியால் ஒரே காணிக்கு இரண்டு உடைமையாளர் தோன்றிவிடுகின்றனர். தாய் உயிரோடு இருக்கும்வரை பனையும் தென்னையும் தோட்டமும் அவளுடைய அனுபவத்தில் இருக்கும். மகளுக்கு இன்று ஒரு பனங்காய் பொறுக்கவும் உரித்தில்லை. ஆயினும் காணி அவளுடையது. இன்று கைக்கு எட்டாத, ஆனால் இன்றே சட்டத்தில் உயிரோடு இருக்கின்ற இந்த உரித்தைத்தான் சட்ட நூலார் எதிர்கால உரித்து என்கின்றனர்.

இதிலே கெடுதி ஒன்றும் இல்லை. முதுமையில் பிள்ளைகளின் முகம் பார்த்துச் சாப்பிட வேண்டிய நிலை வராமல் எத்தனையோ தாய்மாரை அந்த ஒரு வரி காப்பாற்றியிருக்கிறது. கத்தி கெட்டதன்று. அது யார் கையில் இருந்தது, யாருடைய காலத்தை வெட்டியது என்பதே நமது விசாரணை.

இந்தக் கத்தியை மிகக் கூர்மையாகத் தீட்டியவர்கள் ஆங்கிலேயர். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அந்நாட்டு நிலம் அனைத்துக்கும் அரசனே மேலுரிமையாளன் என்னும் கோட்பாடு அங்கு வேரூன்றியது. பிரபுவானாலும் குடியானவனானாலும் நிலத்தைத் தனதென்று சொல்ல இயலாது. அரசனிடமிருந்தோ அரசனுக்குக் கீழ்ப்பட்ட ஒருவனிடமிருந்தோ அதனைப் பெற்று வைத்திருப்பவனே அவன். அவ்வாறாயின் அவன் கையில் உள்ளது என்ன? நிலத்தில் ஒரு காலத்துண்டு. அந்தக் காலத்துண்டுக்கே எஸ்டேட் என்று பெயரிட்டனர். மலையகத்தில் நாம் நாள்தோறும் புழங்கும் அதே சொல்தான். வாசகர்கள் இச்சொல்லை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். பின்னால் இதனிடம் திரும்பி வரவேண்டியிருக்கிறது.

காலத்துண்டுகள் பலவகை. வாரிசுகள் உள்ளவரை தொடரும் முழு உரித்து ஒன்று. ஒருவனின் ஆயுளோடு முடியும் சீவிய உரித்து ஒன்று. 1285ஆம் ஆண்டுச் சட்டமொன்று மூன்றாவது வகைக்கு உறுதி கொடுத்தது: ஒருவனின் வயிற்றுப் பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் என்று இரத்த வழியிலேயே நிலம் இறங்க வேண்டும், இடையில் உள்ள எவனும் அதனை விற்றுவிட முடியாது. பெரும்பாலும் ஆண்வழியே இறங்குமாறு எழுதப்பட்ட இந்த வழிவழி உரித்தினால் பிரபுக் குடும்பங்கள் தமது நிலத்தைத் தமது பிள்ளைகளின் ஊதாரித்தனத்திலிருந்து காத்துக்கொண்டன. செத்தவன் புதைகுழியிலிருந்து கையை நீட்டிப் பேரனின் பேனையைப் பிடித்துக்கொண்டான்.

ஜேன் ஒஸ்ரின் 1813இல் வெளியிட்ட 'பிறைட் அன்ட் பிரெஜுடிஸ்' நாவலை நமது ஆசிரியர்களுள் பலர் கற்றும் கற்பித்தும் இருப்பர். காதற் கதை என்றே அது நமக்குச் சொல்லப்பட்டது. அக்கதையில் பெனற் குடும்பத்தில் ஐந்து பெண்கள். ஆண் பிள்ளை இல்லை. தந்தை இறந்த அன்றே வீடும் நிலமும் தூரத்து உறவினனாகிய கொலின்ஸ் என்னும் பாதிரியிடம் போய்விடும். தாய் மகள்மாருக்கு மாப்பிள்ளை தேடி அலைவதை அசட்டுத்தனம் என்று நமது வகுப்பறைகள் சிரித்தன. கூரை பறிபோகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் பதற்றம் அது என்று எவரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. கொலின்ஸ் கையில் இருந்தது ஓர் எதிர்கால உரித்து.

நிலம் சந்தைக்கு வராமல் முடங்கிக் கிடப்பதை வளர்ந்துவந்த வணிக வர்க்கம் விரும்பவில்லை. வழிவழி உரித்தை உடைக்கும் தந்திரங்களை நீதிமன்றங்கள் 15ஆம் நூற்றாண்டிலேயே அனுமதிக்கத் தொடங்கின. 1682ஆம் ஆண்டு நோர்பொக் கோமகன் வழக்கிலிருந்து வளர்ந்த விதியொன்று, எதிர்காலத்தை எவ்வளவு தூரம் கட்டிப்போடலாம் என்பதற்கு எல்லை வகுத்தது: அவ்வேளை உயிரோடிருப்போரின் ஆயுளும் அதன்மேல் 21 ஆண்டுகளும். இறுதியாக 1925ஆம் ஆண்டுச் சட்டங்கள் பழைய காலத்துண்டுகளிற் பெரும்பாலானவற்றைச் சட்ட உரித்து என்னும் நிலையிலிருந்து இறக்கின. முழு உரித்தும் குத்தகை உரித்துமே மிஞ்சின. இறுதி விருப்பம் எழுதாமல் இறந்தவனின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே என்ற பழைய வழமையும் அச்சட்டங்களோடு ஒழிந்தது. 1925 என்னும் ஆண்டை நினைவிற் கொள்க.

இனி இலங்கைக்கு வருவோம். இங்கே ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டத்தில் இதே வேலையைச் செய்யும் கருவியொன்று இருந்தது. பிடெயிகொமிசம் என்பது அதன் பெயர். என் மகனுக்கு, அவனுக்குப்பின் அவனுடைய பிள்ளைகளுக்கு, இடையில் விற்றலோ ஈடுவைத்தலோ ஆகாது, கடனுக்காகப் பறிமுதல் செய்தலும் ஆகாது என்று பணக்காரத் தந்தைமார் எழுதிவைத்தனர். கொழும்பிலும் கரையோர மாவட்டங்களிலும் உயர்குடிச் சொத்துகள் பலவற்றைச் சுற்றி இந்த வேலி எழுந்தது. மகன் குதிரைப் பந்தயத்தில் தோற்றாலும் கடன்காரன் காணியைத் தொட முடியாது. 1876ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதற்கும் ஓர் எல்லை போட்டது. அதே மூச்சில், குடும்பத்துக்கு நன்மை எனக் கண்டால் அத்தகைய சொத்தை விற்கவும் மாற்றவும் குத்தகைக்கு விடவும் மாவட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்ற வாயிலையும் திறந்துவைத்தது. வேலியும் அவர்களுடையதே, வேண்டியபோது திறக்கும் படலையும் அவர்களுடையதே.

இவ்வளவும் இருப்பவனின் கதை. இல்லாதவனின் கதை 1840இல் தொடங்குகிறது. அவ்வாண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலமெல்லாம் எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது என அனுமானித்தது. ஆண்டுகள் சில இடைவிட்டுப் பயிரிடும் கண்டிப் பகுதிச் சேனைகளும் அவ்வலையிற் சிக்கின. சன்னசு காட்டு, அளிப்பு காட்டு, வரி கட்டியதைக் காட்டு என்று கிராமத்தவனிடம் கேட்கப்பட்டது. பாட்டன் சேனை வெட்டிய காட்டுக்குப் பேரனிடம் காகிதம் எங்கே இருக்கும்? அவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் 1844 வரை ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலைக்குக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டது. ஆளுநர் ஸ்ருவட் மக்கென்சியும் அவருக்குக் கீழிருந்த உயர் அதிகாரிகள் பலரும் வாங்கியவர்களுள் அடங்குவர். சட்டம் செய்தவர்களே சந்தைக்கும் வந்து நின்றார்கள்.

அவர்கள் வாங்கியது எத்தகைய உரித்து என்பதை நமது வரலாற்று நூல்கள் அழுத்திக் கூறுவதில்லை. அது முழு உரித்து. காலவரையறை இல்லை. பயிர் செய்யாவிட்டால் பறிப்போம் என்ற மிரட்டல் இல்லை. மூத்த மகனுக்கே போகவேண்டும் என்ற கட்டளை இல்லை. விற்கலாம், ஈடு வைக்கலாம், துண்டாடலாம், லண்டன் கம்பனிக்கு எழுதிக்கொடுக்கலாம். ஐந்து சிலிங் கொடுத்தவனுக்கு முடிவில்லாத காலம் கிடைத்தது.

95 ஆண்டுகள் கழித்து, 1935இல், அதே முடிக்குரிய நிலத்தில் ஒரு பகுதி இந்நாட்டு விவசாயிக்கு வழங்கப்பட்டது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் என்பது அதன் பெயர். அப்போது விவசாய அமைச்சராக இருந்தவர் டி. எஸ். சேனநாயக்கா. மின்னேரியா, கல்லோயா, இரணைமடு என்று நாம் அறிந்த குடியேற்றங்களின் நிலவுரிமைக்கு அடிப்படை இச்சட்டமே. முதலில் அனுமதிப் பத்திரம். நிபந்தனைகளை நிறைவேற்றினால் பின்னர் அளிப்பு. பெர்மிற் காணி என்று மக்கள் வாயில் வழங்குவது இதுவே. பிற்காலத்தில் சுவர்ணபூமி, ஜயபூமி என்று ஒவ்வோர் ஆட்சியும் புதுப் பெயர் சூட்டி, அளிப்புப் பத்திரத்துக்கு நிறமும் பூவேலையும் சேர்த்துக் கொடுத்தது. உள்ளே இருந்த உரித்து மாறவில்லை.

அந்த உரித்து எத்தகையது? அதிகாரியின் எழுத்துமூல அனுமதியின்றி விற்க முடியாது. ஈடுவைப்பதிலும் கட்டுப்பாடு. குறிக்கப்பட்ட அளவுக்குக் கீழே பிரிக்க முடியாது. கடனுக்காகப் பறிமுதல் செய்ய முடியாது. நிபந்தனை மீறினால் அனுமதிப் பத்திரம் இரத்தாகும். சற்று முன்னர் பிடெயிகொமிசத்தில் நாம் கண்ட அதே வாசகங்கள்தாம் பெரும்பாலும். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. செல்வந்தன் தன் விருப்பத்தால், தன் குடும்பத்தின் பெயரால், தன் நிலத்தைக் கட்டினான். உழுபவனின் நிலத்தையோ அவனைக் கேளாமலே வேறொருவர் கட்டினார். முன்னதைக் குலப் பெருமை என்றனர். பின்னதற்கு விவசாயியின் அறியாமை காரணமாகக் காட்டப்பட்டது.

இவ்விடத்து நியாயம் ஒன்றை நாம் மறைக்கக்கூடாது. விவசாயி கடைக்காரனிடம் கடன்பட்டுக் காணியை இழப்பான் என்ற அச்சம் கற்பனையன்று. அன்றைய கிராமத்தில் அதுவே நடந்துகொண்டிருந்தது. 1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழு அந்த அச்சத்தைத் தன் அறிக்கையில் முன்வைத்தது. ஆனால் கடைக்காரனைக் கட்டுவதற்குப் பதிலாகக் கடன்பட்டவனைக் கட்டினார்கள். மலிவுக் கடன் கொடுக்கும் ஏற்பாடு போதிய அளவில் வரவில்லை. விளைவு, காணி காகிதத்தில் விவசாயியிடமே இருந்தது. விளைச்சல் மறைவான குத்தகைக்கும் ஒற்றிக்கும் போனது. சட்டம் அங்கீகரிக்காத ஒற்றிக்குச் சட்டப் பாதுகாப்பும் இல்லை என்பதால் அங்கே வட்டிக்காரன் வைத்ததே விலை.

வாரிசு முறைக்கு வருவோம். காணிக்காரன் தனக்குப் பின் இன்னார் என்று பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறிக்கலாம். குறிக்காமல் இறந்தால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை பேசத் தொடங்கும். மகன்மார், அவர்கள் இல்லையேல் மகள்மார். பேரன்மார், அவர்கள் இல்லையேல் பேத்திமார். தந்தை, பின்னர் தாய். சகோதரர், பின்னர் சகோதரிகள். ஒவ்வொரு படியிலும் ஆண் முன்னே, பெண் பின்னே. ஒரு படியில் பலர் இருந்தால் மூத்தவர் ஒருவருக்கே காணி. அதாவது, மூத்த மகனுக்கே அனைத்தும். 1925ஐ நினைவிற் கொள்ளச் சொன்னோம் அல்லவா? மூத்த மகன் வழமையை இங்கிலாந்து குப்பையில் போட்டுப் பத்தே ஆண்டுகளில், அது இலங்கை விவசாயியின் குடிசைக்குள் புதிய சட்டமாக நுழைந்தது. அதுவும் பிள்ளைகள் எல்லோருக்கும் பங்கு கொடுக்கும் வழமைகள் ஊறியிருந்த ஒரு நாட்டில்!

இறந்தவனின் மனைவி? பெயர் குறிக்கப்படாத மனைவிக்கும் காணியில் இருக்கும் உரித்து உண்டு; ஆனால் அது சீவிய உரித்தே. அவள் விற்க முடியாது. தனக்குப் பின் யார் என்று பெயர் குறிக்கவும் முடியாது. மறுமணம் செய்தால் அந்த உரித்தும் அவளை விட்டுப் போய்விடும். காடு வெட்டியபோது கூட நின்றவள், யானை வந்த இரவுகளில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு விழித்திருந்தவள், நாற்று நட்டவள் அவள். விதவையாக இருக்கும்வரை இரு என்று அரசாங்கம் அவளுக்குக் காலம் குறித்துக் கொடுத்தது. ஐரோப்பிய நிலப்பிரபுத்துவத்தின் மூலையில் கிடந்த விதவை உரித்தை மட்டும் தூசு தட்டி எடுத்துவந்து கொடுத்த பெருந்தன்மையை என்னென்பது!

2022ஆம் ஆண்டுத் திருத்தம் ஆண்களை முன்வைத்த அந்த வரிசையை நீக்கியது. பெண்கள் அமைப்புகள் நெடுங்காலம் போராடிப் பெற்ற வெற்றி அது; அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் 1935க்கும் 2022க்கும் இடையில் 87 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளில் அண்ணன் பெயருக்கு மாறிய காணிகளின் ஓரத்தில் நின்ற தங்கைமாருக்கு அத்திருத்தம் என்ன தந்தது? இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுநிலமும் கொண்ட மகாவலிக் குடும்பமொன்றில், நான்கு பிள்ளைகளுள் ஒருவருக்கே சட்டம் நிலம் காட்டினால் மற்ற மூவரும் எங்கே போவார்கள் என்பதற்குக் கொழும்பின் ஆடைத் தொழிற்சாலை விடுதிகளிலும் மத்திய கிழக்கு விமானங்களிலும் விடை தேடலாம்.

1972ஆம் ஆண்டைப் பற்றிப் பேசும்போது நமது முகத்தையும் கண்ணாடியிற் பார்க்க வேண்டும். ஐக்கிய முன்னணி ஆட்சியில் இடதுசாரிக் கட்சிகள் பங்காளிகளாக இருந்தன. பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. அவ்வாண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. வயலென்றால் 25 ஏக்கர். அதே ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பிடெயிகொமிசத்தை ஒழித்தது. காலங்காலமாகக் கட்டுண்டு கிடந்த குடும்பச் சொத்துகள், அப்போது அவற்றை அனுபவித்திருந்தவர்களின் கட்டற்ற முழு உடைமையாயின. செல்வர் வீட்டுச் சங்கிலி ஒரே நாளில் அறுந்தது. உச்சவரம்பு அவர்களுக்கு உறைத்தது உண்மைதான். ஆனால் மிஞ்சிய நிலத்தில் அவர்களின் காலம் விடுதலை பெற்றது. பெர்மிற் காணிக்காரனின் சங்கிலியை அந்த ஆட்சியும் தொடவில்லை. நம்மவர்கள் அமைச்சரவையில் இருந்தும் இக்கேள்வி ஏன் எழவில்லை? நாமும் ஏக்கரை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தோம்.

அரசாங்கத்தையும் சிங்களப் பிரபுக்களையும் மட்டும் திட்டிவிட்டு நல்ல பிள்ளையாக வீடு திரும்ப வடக்கிலுள்ள நம்மால் முடியாது. தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், தொகுத்து வைத்தார்கள்; ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். முதுசமும் சீதனமும் தேடியதேட்டமும் என்று சொத்தைப் பிரித்து, பெண்ணுக்கும் காணி உண்டு என்ற பெருமையை நாம் பேசாத மேடையில்லை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டமோ, மணமான பெண் தன் அசையாச் சொத்தை எழுதிக்கொடுக்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. அவன் மறுத்தால் அவள் நீதிமன்றப் படியேற வேண்டும். நூற்றாண்டு கடந்தும் அவ்விதி நின்றது. காணி அவள் பெயரில். பேனை அவன் கையில்.

அந்தப் பெருமையில் வராத இன்னொருவனும் இருந்தான். பிறர் வளவின் ஓரத்தில் குடிசை போட்டு, வளவுக்காரனுக்குத் தொண்டூழியம் செய்து, உறுதியும் இல்லாமல் குத்தகையும் இல்லாமல் மூன்று தலைமுறையாக வாழ்ந்த தாழ்த்தப்பட்டவன். கோயிற் படலைக்குள் நுழைய வேண்டும் என்று அவன் கேட்ட அன்று அவனுடைய குடிசைக் கூரை பிரிக்கப்பட்டது. காலத்துண்டு எதுவும் இல்லாதவனுக்கு நாளை என்பது இன்னொருவனின் தயவு. ஆலயப் பிரவேசத்தைப் பற்றி எழுதியவர்களுட் சிலரே அந்தக் குடிநிலத்தைப் பற்றியும் எழுதினார்கள்.

மலையகத்துக்கு வருகிறோம். எஸ்டேட் என்ற சொல்லிடம் திரும்பி வருவதாகச் சொன்னோம்.

சட்டத்தில் எஸ்டேட் என்றால் நிலத்தில் ஒருவனுக்குள்ள காலவுரித்து. இலங்கையில் எஸ்டேட் என்றால், அத்தகைய உரித்து எதுவும் இல்லாதவர்கள் ஐந்து ஆறு தலைமுறையாக வாழும் இடம். உலகத்தில் வேறெங்கேனும் ஒரு சொல் தன் பொருளை இப்படித் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டதா என்பது நமக்குத் தெரியாது. லயக் காம்பராவில் இருப்பவன் குத்தகைக்காரனும் அல்லன். பிரட்டுக்குப் பெயர் இருக்கும்வரை காம்பரா. குடும்பத்தில் எவரும் தோட்டத்தில் வேலைக்கு இல்லையென்றால், எந்த உரிமையில் இருக்கிறாய் என்ற கேள்வி வாசலுக்கு வந்துவிடும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. நாடற்றவனுக்குக் குடியேற்றத் திட்டத்தில் பெர்மிற் காணியும் இல்லை. விவசாயிக்குக் கொடுத்த அந்தக் குறைபட்ட, கட்டுண்ட, பெண்ணை ஒதுக்கிய உரித்துக்கூட இவனுக்கு எட்டாக்கனியாயிற்று. எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது, இலவசமாகக் கொடுக்கக் கூடிய நல்ல நிலம் பெரும்பாலும் கொடுத்து முடிந்திருந்தது.

1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. கம்பனிகளின் முழு உரித்து அரசுக்கு மாறியது. காம்பரா காம்பராவாகவே இருந்தது. தோட்டக் காணிகளைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்கும் முயற்சி வந்தபோது, தாங்கள் கொழுந்தெடுத்த மண் கைவிட்டுப் போவதைத் தொழிலாளர் எதிர்த்தனர். 1977ஆம் ஆண்டு மே மாதம் டெவன் தோட்டத்தில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குச் சிவனு லெட்சுமணன் பலியானான். அவன் எந்த உரித்துக்காகச் செத்தான் என்று சட்ட நூலைப் புரட்டினால் விடை கிடையாது. அம்மண்ணில் அவனுக்கு உரித்து இருக்கவில்லை. பெயர் குறிக்க முடியாத ஒன்றுக்காக உயிர் கொடுத்தான். அந்தப் பெயரைக் கண்டுபிடித்துச் சட்டத்தில் எழுதுவது படித்தவர்களாகிய நமது கடமையாக இருந்தது. நாம் எழுதியது அஞ்சலிக் கவிதை.

1992இல் தோட்டங்கள் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயின. இம்முறை முழு உரித்தாக அன்று. அவ்வாண்டிலிருந்து கணக்கிட்டு 53 ஆண்டுக் குத்தகையாக. ஆக, கம்பனிக்கு 53 ஆண்டுகள் என்னும் காலத்துண்டு. அது முடிந்ததும் அரசுக்கு மீளும் எதிர்கால உரித்து. ஒரே மலைச்சரிவுக்கு இன்று ஓர் உடைமையாளர், நாளைக்கு ஓர் உடைமையாளர், இருவருக்கும் ஒப்பந்தம், இருவருக்கும் வழக்கறிஞர். இன்றிலும் நாளையிலும் இடம்பெறாதவள் கூடையோடு இடையில் நிற்பவள் ஒருத்தி மட்டுமே.

வீட்டுரிமை கொடுக்கிறோமே என்று அமைச்சர்மார் சொல்வர். 2015க்குப் பின் கட்டப்பட்ட தனி வீடுகளுக்கு ஏழு பேர்ச் நிலம் ஒதுக்கப்பட்டது. ஓர் ஏக்கரில் 160 பேர்ச். யாழ்ப்பாணத்து வாசகருக்கு விளங்கச் சொன்னால், ஒரு பரப்புக்குப் பத்துப் பேர்ச். ஏழு பேர்ச் என்பது முக்காற் பரப்புக்கும் குறைவு. ஐந்து சிலிங்குக்கு ஒரு துரை வாங்கிய ஓர் ஏக்கரில், அதே ஏக்கரைக் காடழித்து வளமாக்கிய இருபத்திரண்டு குடும்பங்களை அடுக்கி வைக்கலாம். அந்த ஏழு பேர்ச்சுக்கும் கிடைக்கும் காகிதம் எது? காணிப் பதிவகத்தில் ஏறிய உறுதியா, மேடையில் படம் பிடிப்பதற்காகக் கையில் கொடுத்த பத்திரமா? மலையகத்தில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்கள் தமது மாணவரின் வீட்டுக் காகிதங்களை ஒருமுறை வாங்கிப் பார்க்கட்டும். அதில் என்ன உரித்து, எவ்வளவு காலம், யாருடைய பெயர், மனைவியின் பெயர் உண்டா என்னும் நான்கையும் வாசித்துச் சொல்ல ஒரு மணிநேரம் போதும். குடியியற் பாடத்தில் அதைவிடப் பயனுள்ள மணிநேரம் வேறு இருக்கமாட்டாது.

2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் தம்புள்ளையில் 'உறுமய' என்னும் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. பெர்மிற் காணிக்காரருக்கும் அளிப்புக்காரருக்கும் நிபந்தனையற்ற முழு உரித்து வழங்கப்படும், 20 இலட்சம் குடும்பங்கள் பயன்பெறும் என்று கூறினார்கள். அவ்வாண்டு முடியுமுன் ஆட்சி மாறியது. திட்டத்தை நமது அணியிற் பலர் எதிர்த்தனர். விவசாயி காணியை வங்கிக்கும் வெளிநாட்டுக் கம்பனிக்கும் இழந்துவிடுவான் என்றனர். அந்த அச்சத்தை நாமும் பகிர்கிறோம். ஆனால் 1927இன் ஆணைக்குழு பேசிய அதே வாசகத்தை 2024இல் ஓர் இடதுசாரி பேசும்போது, தன் வாயிலிருந்து யார் பேசுகிறார் என்று அவர் ஒருகணம் யோசிக்க வேண்டாமா? விவசாயிக்குப் பாதுகாவலன் தேவையில்லை. கடனிலிருந்து பாதுகாப்புத் தேவை. இரண்டும் ஒன்றன்று. குடியிருக்கும் வீட்டையும் அடிப்படை வயலையும் கடனுக்காகப் பறிக்க முடியாது என்று நாட்டிலுள்ள எல்லோருக்கும் பொதுவாகச் சட்டம் செய்யலாம்; கொழும்பில் உள்ளவனுக்கும் கிளிநொச்சியில் உள்ளவனுக்கும் அது ஒன்றாக இருக்கலாம். உரித்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதலாம். தனக்குப் பின் யார் என்பதை அவர்களே தீர்மானிக்க விடலாம். இவற்றுள் எதையும் கேளாமல், சங்கிலி வேண்டும் என்று ஒரு சாராரும் சந்தை வேண்டும் என்று மறுசாராரும் கூச்சலிட்டார்கள்.

முழு உரித்தைப் பற்றிய அவ்விவாதம் நடந்த மாதங்களில், அதில் பெயர் குறிக்கப்படவே வேண்டிய தேவை இல்லாதவர்களாகத் தோட்டத் தொழிலாளர் மீண்டும் ஓரத்தில் நின்றார்கள். அவர்களிடம் பெர்மிற் இல்லை; ஆகவே பெர்மிற்றை உறுதியாக மாற்றும் திட்டத்தில் மாற்றுவதற்கு எதுவும் இல்லை.

கம்பனிகளின் 53 ஆண்டுகள் 2045இல் முடிகின்றன. இன்று தோட்டப் பாடசாலையில் ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அப்போது முப்பது வயது கடந்திருக்கும். குத்தகையைப் புதுப்பிக்கும் பேச்சு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அநேகமாகக் கதவடைத்த அறையொன்றில், தொடங்கிவிடும். மேசையின் ஒரு பக்கத்தில் குத்தகையாளர் இருப்பார். மறுபக்கத்தில் மீளுரித்துக்குரிய அரசாங்கம் இருக்கும். மூன்றாவது கதிரையொன்று போடப்பட வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இப்பொழுதே எழுத்தில் கேட்க வேண்டும்: லயக் காம்பராவும் அதைச் சுற்றிய குடிநிலமும் குத்தகையிலிருந்து பிரிக்கப்பட்டு, வாழ்பவர் பெயரில், ஆணும் பெண்ணுமாக, முழு உரித்தாகக் காணிப் பதிவகத்தில் ஏற வேண்டும் என்று. அக்கோரிக்கையின் முதல் வரைவை அடுத்த இதழில் வெளியிட எண்ணியுள்ளோம். திருத்தங்களை, முக்கியமாக மலையகத்திலிருந்து, எழுதி அனுப்புக.